அம்மாவின் தோளும் என் டெனிஷும்

பதினொரு வயதில் நான் வகித்த பதவி மொழிபெயர்ப்பாளர். சம்பளம் கிடையாது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு பாடங்களுக்கும் இருக்கத் தேவையில்லை. அதில் ஒன்று கணக்கு என்பதால் பதவியை நான் மனமுவந்து ஏற்றிருந்தேன்.

அப்போது நாங்கள் டெனிஷ் பேசும் ஊரான இக்காஸ்டில் இருந்தோம். திரைச்சீலை தைக்கும் ஒரு தொழிற்சாலையில் அம்மாவுக்கு வேலை. ஒரு நாள் மேல்தட்டிலிருந்து துணிச்சுருள் ஒன்றை இழுத்தபோது, அது முழுப் பாரத்தோடும் சரிந்து வலது தோளில் விழுந்துவிட்டது. எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருந்தது. வைத்தியசாலையில் பார்த்து முடித்ததும் கொம்யூன் என்ற நகரசபை நடத்தும் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் என்ன எழுதுகிறாரோ, அதை வைத்துத்தான் அம்மா எப்போது, எந்த வேலைக்குத் திரும்புவது என்று கொம்யூன் முடிவு செய்யும். அப்பாவுக்குப் பகல் வேலை. அம்மாவின் டெனிஷ் கடைக்கும் தொழிற்சாலைக்கும் போதும், தோள்மூட்டுக்குப் போதாது. ஆகவே நான்.

பிசியோதெரபிஸ்ட் உயரமான, சிரித்த முகமுள்ள பெண். ஒவ்வொரு முறையும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். வலியே இல்லையென்றால் பூச்சியம், தாங்கவே முடியாதென்றால் பத்து, இன்றைக்கு எத்தனை? அம்மா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்.

"மூண்டு எண்டு சொல்லு, பிள்ளை."

நான் சொல்வேன். சில வாரங்களில் அது இரண்டாகவும் இருந்தது. நம்மவர்களின் மரியாதை அப்படி என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மனுசி முக்கால் மணித்தியாலம் தோளைப் பிடித்துப் பாடுபட்ட பிறகு இன்னும் நோகிறது என்று சொன்னால், அவருடைய வேலையைக் குறை சொன்னதாகிவிடும் அல்லவா. என் பங்குக்கு நானும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். அம்மா "பரவாயில்லை" என்றால், டெனிஷில் அது "மிகவும் நன்றாக இருக்கிறது" என்று போய்ச் சேரும். வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு ஒரு வெறும் சொல்லோடு நிறுத்த மனம் வரவில்லை.

ஏழாவது வாரம் அம்மாவுக்கு ஒரு கவலை வந்தது. இவ்வளவு நாளும் தோளைப் பார்க்கிற அந்தப் பிள்ளையிடம் வெறுங்கையோடு போகிறோமே என்று. உள்ளீடு வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் றோல்ஸ் செய்வதென்று முடிவாகியது. அப்பா மாவைக் கரைத்து வார்த்தார், நான் றஸ்க் தூளில் பிரட்டினேன், அம்மா கதிரையில் இருந்தபடி இடது கையால் சுருட்டினார்.

"ஆர் செய்தது எண்டு கேட்டால் அம்மா எண்டு சொல்லு. அப்பா செய்தவர் எண்டால் என்ன நினைப்பினம்."

அந்தச் செவ்வாய் பிசியோதெரபிஸ்ட் அதையே கேட்டார். அம்மாதான் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். முப்பதையும், தனியாக, ஒரே காலையில் என்று சேர்த்தேன். அம்மாவைப் பெருமைப்படுத்துவதில் எனக்கு அளவு தெரியாது. பிசியோதெரபிஸ்ட் உண்மையிலேயே மகிழ்ந்துபோனார். இவ்வளவு செய்கிற தோள் முழுநேர வேலைக்குத் தயார், திங்கட்கிழமையிலிருந்து பழைய இடத்திலேயே தொடங்கலாம் என்று எழுதுகிறேன் என்று கணினிப் பக்கம் திரும்பினார்.

நான் அதை அம்மாவுக்குச் சொன்னேன். பழைய இடம் என்றால் அதே துணிச்சுருள்கள். அம்மாவின் முகம் வெளிறியது.

"ஓம். நன்றி எண்டு சொல்லு."

சொன்னேன். போவதற்கு எழுந்தோம். வெளியே பனி, அம்மா குளிர்கோட்டைப் போட வேண்டும். நான் வழக்கம்போலக் கதிரையில் ஏறி நின்றேன். அம்மா முழங்காலை மடித்துக் கொஞ்சம் பதிந்தார். வலது கையை நான் தூக்கிக் கோட்டுக் கைக்குள் விட்டு, அதைத் தோளில் ஏற்றிவிட்டு, இறங்கி வந்து பொத்தான்களைப் பூட்டினேன். ஏழு வாரமாகத் தினமும் செய்கிற வேலை. நாங்கள் இரண்டு பேரும் அதை யோசித்துச் செய்யவில்லை.

திரும்பிப் பார்த்தபோது பிசியோதெரபிஸ்ட் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தார். கோட்டைக் கழற்றிவிட்டு அம்மாவைத் தனியாகப் போடச் சொன்னார். அம்மா முயன்றார். பயிற்சியில் அவர் பிடித்துத் தூக்கும்போது எழும்பிய கை, தானாக இடுப்புக்கு மேலே வரவில்லை. நெற்றி வியர்த்தது. போதும் என்று அவரே வந்து கோட்டை வாங்கிக்கொண்டார். பிறகு எழுதியதை அழித்தார். என்னிடம், நீ நன்றாகக் கதைக்கிறாய், ஆனால் இது உன்னுடைய வேலை இல்லை என்றார். எனக்குப் பதவி போய்விட்டது. என் டெனிஷில் என்ன பிழை என்று வீடுவரை யோசித்தேன்.

அடுத்த செவ்வாய் குளிர்கால விடுமுறை. அதனால் நானும் கூடப் போனேன். பக்கத்து நகரமான ஹேர்னிங்கிலிருந்து மொழிபெயர்ப்பாளராக ஒரு தமிழ் அன்ரி வந்திருந்தார். என்னை வெளியே வாங்கில் இருத்தினார்கள். கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. வழமையான கேள்வி கேட்டது. அம்மா உடனே பதில் சொன்னார்.

"எட்டு. சில நாளில ஒன்பது. படுக்கேலாது."

அதற்குப் பிறகு அம்மா நிறுத்தவேயில்லை. அவ்வளவு நீளமாக அவர் கதைத்து நான் கேட்டதில்லை. நடுவில் அழுததும் கேட்டது. உள்ளே ஓடிப்போய், அம்மா பொய் சொல்கிறார், போன வாரம்தான் மூன்று என்றவர் என்று அந்த அன்ரியிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அன்று பிசியோதெரபிஸ்ட் கொம்யூனுக்கு எழுதிய கடிதத்தால்தான் அம்மா துணிச்சுருள்களிடம் திரும்பிப் போகவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி தொடர்ந்தது. பிறகு வேறு இடத்தில் அரைநேர வேலை கிடைத்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கடிதம் ஒரு பொருட்டாகவே படவில்லை.

பஸ்ஸில் அம்மாவிடம் டெனிஷில் சண்டைக்குப் போனேன். எனக்கு மட்டும் ஏன் மூன்று என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"உனக்கு மூண்டு போதும், பிள்ளை."

எனக்கு அழுகை வந்தது. ஊர் பேர் தெரியாத ஒரு அன்ரியிடம் முழுவதையும் கொடுத்துவிட்டு, வாராவாரம் கூட வந்தவளுக்குப் பாதிகூடத் தரவில்லையே. அம்மா என்னை இன்னும் சின்னப்பிள்ளை என்றே நினைக்கிறார் என்றுதான் எனக்கு விளங்கியது.