கௌரியின் காது

விடிந்ததும் நாராயணம்மாவின் கை மாட்டின் மடிக்குப் போகாது. முதலில் காதுக்குப் போகும். மூன்று மாடுகளின் காதிலும் இன்சூரன்ஸ் நம்பரோடு தொங்கும் மஞ்சள் காதுவில்லைகளை வரிசையாக இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்ப்பாள். அவளுக்கு அது கம்மல். "நிலுவே" என்று தெலுங்கில் ஓர் அதட்டல். மாடுகளோடு தெலுங்கு, டாக்டரோடு தமிழ், பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவோடு சண்டை வந்தால் மட்டும் கன்னடம்.

மத்திகிரியில் கம்பெனி ஆட்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளுக்கு முதல் ஷிப்ட் வண்டி வருவதற்குள் பால் போய்விட வேண்டும். ஊற்றும்போதே விசாரணை நடக்கும். "உங்க மிஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்குதா தம்பி? அதுக்கு நம்பர் எங்க போட்டிருக்கான்?" பதில் சொல்லிவிட்டு நிமிர்கிறவர்களின் கண்ணில் அவள் காது படும். கம்மல் இருக்க வேண்டிய இடத்தில் வேப்பங்குச்சி. துளை தூர்ந்துபோகாமல் இருக்க.

மூன்று வருடம் முன்பு பேங்க் கடனில் வாங்கிய மாடு ஒன்று இருந்தது. காதுவில்லை அரித்ததோ என்னவோ, சுவரில் தேய்த்துத் தேய்த்துக் காதைப் புண்ணாக்கிக்கொண்டது. வில்லை எங்கேயாவது விழுந்து தொலைந்துவிட்டால்? நாராயணம்மா அதைக் கத்தரித்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, பாலிசிக் காகிதத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டினாள். மாடு வயிறு உப்பிச் செத்தபோது, பார்க்க வந்த இன்சூரன்ஸ் அதிகாரியிடம் பளபளவென்று எடுத்து நீட்டினாள்.

"இது மாட்டுக் காதுல இல்லம்மா இருக்கணும்?"

"காதுலதான் சார் இருந்துச்சு. தொலையக் கூடாதுன்னு நாந்தான் பத்தரமா எடுத்து வச்சேன்."

"செத்தது வேற மாடா இருந்தா?"

"சாவுறதுக்குன்னு தனியா ஒரு மாடு வாங்கியாந்து கட்டுவாங்களா சார்?"

இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. இல்லாத மாட்டுக்குத் தவணை மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவள் காதுக் கம்மல் பேங்குக்கு அடகு போனது அப்போதுதான்.

போன செவ்வாய்க்கிழமை கௌரியின் காதில் விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கிழிந்த துளை மட்டும் இருந்தது. கௌரியும் கடன் மாடுதான். நிறைமாதம், இன்றோ நாளையோ கன்று போட வேண்டியது. போன ஈற்றிலேயே படுத்து எழ முடியாமல் கிடந்து பிழைத்தது. தீவனத் தொட்டியைத் துழாவிக் காதுவில்லையைக் கண்டெடுத்தது கெம்பம்மாதான்.

"இந்தாக்கா. கம்பி போட்டு முடுக்கி உட்டுடு. எவன் வந்து பாக்கப் போறான்?"

நாராயணம்மா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "உசுரோட இருக்கறவரைக்கும் எவனும் பாக்க மாட்டான்டி. செத்தாத்தான் காதத் தூக்கிப் பாப்பான்."

பால் கேனைக் கெம்பம்மாவின் தலையில் கட்டிவிட்டு, கால்நடை டாக்டர் மோகன்குமாருக்கு போன் போட்டாள்.

"சார், கௌரி கம்மல் கழண்டுடுச்சு."

"நாளைக்கு வரேம்மா."

"நாளைக்கின்னு கன்னுக்குட்டிக்குச் சொல்றது யாரு சார்?"

பதினோரு மணிக்குள் நாலு தடவை கூப்பிட்டாள். பகலெல்லாம் கௌரியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. அது படுத்தால் இவளும் உட்கார்ந்தாள், எழுந்தால் எழுந்தாள். நாலு மணிக்கு டாக்டரின் பைக் சத்தம் கேட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

இந்த முறை மறு காதில் புது வில்லை ஏறியது. பழசு எப்படி விழுந்தது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். வில்லையின் நம்பரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு நாராயணம்மாவுக்கு முகம் தெளிந்தது. சந்தேகங்கள் கிளம்பின.

"ரெண்டு காதுலயும் போட்டா ரெண்டு பங்கு குடுப்பானா சார்?"

"ஒரு மாடு ஒரு தரந்தாம்மா சாவும்."

"அதுவும் சரிதான். காதே அறுந்துட்டா?"

"என்னைக் கூப்பிடு. நாலு தடவ வேணாம், ஒரு தடவ போதும்." சிரித்தபடி அவர் செல்போனை எடுத்தார். "ஆபீசுக்கு போட்டோ அனுப்பணும். மாட்டுக்காரங்களும் பக்கத்துல நிக்கணும். காது தெளிவாத் தெரியணும்மா."

நாராயணம்மா மாட்டை ஒட்டி நின்றாள். ஒரு கையால் கௌரியின் காதை வெளிச்சத்துக்கு விரித்துப் பிடித்தாள். மறு கையால் முந்தானையை இழுத்துத் தன் காதை மூடிக்கொண்டாள்.