மூன்று கோட் சுண்ணாம்பு

கல்லறைத் திருநாள் வந்தால் என் மாமாவைப் பார்த்து மற்ற ஆண்களெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்பது பொன்மலையில் எங்கள் தெருப் பெண்களின் தீர்ப்பு. மற்றவர்கள் தங்கள் வீட்டுக் கல்லறைக்கு ஒரு கோட் சுண்ணாம்பு அடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். ரயில்வே பணிமனையில் பெயிண்டராக இருந்த மாமா, தாத்தாவின் கல்லறைக்கு மூன்று கோட் அடிப்பார். தலைமாட்டுக் கல்லுக்கு மட்டும் நான்கு. அதன்மேல் கறுப்புப் பெயிண்டில் ‘சவரிமுத்து’ என்று தாத்தாவின் பெயரை எழுதி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரோஜாப்பூ வரைவார். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்பார்கள்.

அந்தக் கல்லறையைக் கண்டுபிடித்ததே மாமாதான். தாத்தா இறந்தபோது அவருக்கு மூன்று வயது, என் அம்மா கைக்குழந்தை. குடும்பம் காட்டூருக்குப் போய் நான்கு வருடம் கழித்துத் திரும்பியபோது, தாத்தாவுக்கு நட்ட மரச்சிலுவையைக் காணோம். அடக்கத்தன்று வீட்டிலிருந்து போய்க் குழியில் மண் போட்ட ஒரே ஆளான பெரியம்மாவோ கன்னியர் மடத்து ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் திகைத்து நிற்க, ஏழு வயது மாமா பாசி படிந்த ஒரு பெரிய கல்லைக் காட்டி “இதுதான்” என்றாராம். என்ன ஞாபகசக்தி என்று மெச்சி அவருக்கு ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்கள். தாத்தா போனதிலிருந்து சரியாகச் சாப்பிடாத பாட்டி அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாராம். லீவுக்கு வந்த பெரியம்மா கல்லுக்கு ஒரு மெழுகுவர்த்தியும், சுவரோர மூலையில் வெறுந்தரையில் இன்னொன்றும் ஏற்றினார். மூலையில் யார் என்று கேட்டால், “ஆளில்லாத ஆன்மாக்களுக்கு” என்பார். அந்த வழக்கத்தை அவர் ஒரு வருடமும் விட்டதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அது. திருநாளுக்கு முந்தின நாள், ஸ்ரீரங்கம் மார்க்கெட்டில் வாங்கிய செவ்வந்தியைப் பெரியம்மா கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து தொடுத்துக்கொண்டிருந்தார். மாமா இரண்டாவது ரோஜாவுக்கு இலை வரைந்துகொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து கவுன் போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஃபைலும் கையுமாக இறங்கினார்.

“பாப்பா, மூணாவது வரிசை எது?” என்றார் சுத்தமான தமிழில். எனக்குக் கையிலிருந்த வாளி நழுவிவிட்டது.

அவர் பொன்மலை ரயில்வே பங்களாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆங்கிலோ இந்தியர். தமிழைச் சமையற்கட்டில் கற்றுக்கொண்டதால் அவருக்கு ஊரில் எல்லாருமே ‘நீ’தான். அவருடைய கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலிருந்து வந்த எஞ்சின் டிரைவர். எந்த ஊர்க்காரர் என்று மட்டும் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அன்று காலை பங்குக் கோவில் அடக்கப் பதிவேட்டில் ஒரு குறிப்பு கிடைத்திருந்தது: மூன்றாவது வரிசை, வாசலிலிருந்து பதினொன்று, பிறந்த ஊர் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

“பழைய ரயில்வே பேப்பர்ல அயர்லாந்துன்னு மட்டும்தான் போட்டிருக்கு. தமிழ்நாடுன்னு மட்டும் அட்ரஸ் எழுதினா லெட்டர் போய்ச் சேருமா, நீயே சொல்லு,” என்றார் மாமாவிடம். “நாளைக்கு எனக்கு ஃப்ளைட்டு.”

நான்தான் துள்ளிக்கொண்டு போய் எண்ணினேன். பதினொன்று என்ற இடத்தில் என் விரல் மாமாவின் ஈர ரோஜாவில் ஒட்டிக்கொண்டது.

“அது எங்கப்பாங்க மேடம்,” என்றார் மாமா. தண்ணீர்க் குழாயையும் ஒரு கல்லறையாகச் சேர்த்துத் திரும்ப எண்ணிப் பார்த்தார்.

“கொஞ்சம் சுரண்டிப் பாக்கலாமா?”

“ஐயோ, பாவங்க! செத்தவங்க நிம்மதியைக் கெடுக்கக் கூடாதுங்க.” வருடத்துக்கு இரண்டு முறை கோவில் படியேறும் மாமா, அன்று பங்குச்சாமியாரையே மிஞ்சிப் பிரசங்கம் செய்தார்.

கிழவி பக்கத்துக் கல்லறையில் உட்கார்ந்துவிட்டார். “எங்கப்பா சாகறப்பகூட கேட்டார், நாம எந்த ஊரும்மான்னு. எனக்குச் சொல்லத் தெரியலை,” என்றார் பெரியம்மாவைப் பார்த்து.

பெரியம்மா பூவைக் கீழே வைத்தார். மாமா பட்டி பூசும் தகட்டை எடுத்துக் கிழவியிடம் நீட்டினார். “சுரண்டுங்க.”

“அக்கா!”

“நீ சும்மா இருடா.”

முதலில் ரோஜா போனது, பிறகு சவரிமுத்து போனார். வருடக்கணக்கான சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. அதற்கடியில் யாரோ சிமெண்ட் வேறு பூசியிருந்தார்கள். அதுவும் பெயர்ந்ததும் இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பேட்ரிக், எஞ்சின் டிரைவர். கடைசி வரியில், கில்ரஷ். கிழவி அந்த ஊர்ப் பெயரைத் தடவித் தடவி மூன்று தரம் சொல்லிவிட்டு, ஓவென்று அழுதார்.

“அப்ப நம்ம தாத்தா எங்க மாமா?” என்றேன்.

திருதிருவென விழித்த மாமாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “ஒரே குழியில ரெண்டு பேருங்க மேடம். இடம் பத்தலை. இவரு கீழ, எங்கப்பா மேல.”

“அப்படியா?” என்று கிழவி பெரியம்மாவைக் கேட்டார். பெரியம்மா பள்ளி டீச்சர், பொய் சொன்னால் எங்களை முட்டிபோட வைப்பவர். மாமாவின் சுண்ணாம்பு தெறித்த முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

“ஆமாங்க. இவன்தான் ஏழு வயசுலயே கண்டுபிடிச்சான்.”

“இத்தனை வருஷமா எங்க ஆளை நீதான் பாத்துக்கிட்டியா!” என்று கிழவி மாமாவைக் கட்டிக்கொண்டார். கவுனெல்லாம் சுண்ணாம்பு. மாமா நட்டுவைத்த கம்பம்போல் நின்றார்.

மறுநாள் மாலை பெரியம்மா வழக்கம்போல ஒரு மெழுகுவர்த்தியோடு மூலைக்குக் கிளம்பினார். “டேய், நீயும் வாடா,” என்றார். நானும் பின்னாலேயே போனேன். சருகை ஒதுக்கிவிட்டு மெழுகுவர்த்தியை மாமாவின் கையில் கொடுத்தார். மாமா தரையைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார்.

“அக்கா, உனக்கு எப்பலேருந்து...”

“அந்த லீவுலேருந்துதான். அம்மா அப்பதான் சாப்பிட ஆரம்பிச்சிருந்தாங்க. ஏத்துடா, காத்தடிக்குது.”

எந்த லீவு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய மீசை வைத்த மாமா மண்டிபோட்டு விக்கி விக்கி அழுதார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆளில்லாத ஆன்மாக்களுக்காக இப்படி அழும் மனிதர் திருச்சியிலேயே எங்கள் மாமா ஒருவர்தான் என்று பள்ளியில் எழுந்து நின்று சொன்னேன். டீச்சர் வகுப்பையே கைதட்டச் சொன்னார்.

அதை வந்து மாமாவிடம் சொன்னபோது, அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எனக்கு இரண்டு ஜாங்கிரி வாங்கி வந்தார். எதற்கென்று கேட்கத் தோன்றாமல் இரண்டையும் நானே தின்றேன்.