அளவு தப்பிய மேசை

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எந்த வேலையையும் தரையில் கிறுக்கிப் பார்க்காமல் தொடங்க மாட்டார். மட்டாஞ்சேரியில் காலியாகக் கிடந்த சுக்குக் கிடங்கு ஒன்றில், அவரவர் சைக்கிளை அவரவரே வந்து சரிசெய்துகொள்ள எங்கள் தெருக்காரர்கள் பொதுப் பட்டறை வைத்தார்கள். மாமா தரை முழுக்க சாக்பீஸால் கோடு போட்டார். பஞ்சர் ஒட்டும் பலகை வாசலோரம், தண்ணீர்த் தொட்டி சாக்கடைப் பக்கம், சக்கரத்தில் கோட்டம் எடுக்கும் மேசை ஜன்னலடியில். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கோடுகளுக்கு நடுவே போய்வர வேண்டும். ஹேண்டில் கோட்டைத் தாண்டினால் அழித்து மறுபடி வரைவார். சரியாக வந்தால் போனில் படம் எடுத்துக்கொள்வார். ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்குத் தெரியாது.

அம்மா ஒரு சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தந்தாள். "ஜன்னல் மேசை இந்த உசரம் வரணும்னு மாமாட்ட சொல்லு."

எங்கள் வீட்டு மதிலின் உயரம் அது. மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போனதிலிருந்து அப்பாவால் குனிய முடியாது. மதிலில் முழங்கையை ஊன்றி நின்றுதான் சாயா குடிப்பார். பஜார் வேலையும் போய்விட்டிருந்தது. யார் தயவிலும் வேலை வேண்டாம் என்று வீம்பு வேறு. இதில் அன்று எனக்குத் தெரிந்தது அவர் சாயா குடிப்பது மட்டும்.

மேசை வந்ததும் சாயாக்கடைச் சேட்டன் தலையிலடித்துக்கொண்டார். "எந்தா இது, ஆனைக்கான மேசையோ?"

யாருக்காக இது என்று எனக்குக் குடைச்சலாக இருந்தது. கயிற்றை எடுத்துக்கொண்டு தெருவில் ஒவ்வொருவர் முழங்கையாக அளந்தேன். ஒருவருக்கும் பொருந்தவில்லை. வீட்டுக்குள் அளக்கத் தோன்றவில்லை.

மறுநாள் மாமா அப்பாவைக் கூட்டிவந்தார். முகத்தை அழாக்குறையாக வைத்துக்கொண்டு, "அளவு தப்பிப்போச்சு அத்தான். இங்க ஒருத்தனுக்கும் எட்டல. நீங்க நெட்டை, ஊர்ல சைக்கிள் கடையில இருந்தவரு. ஆள் கிடைக்கிற வரைக்கும் நின்னு குடுங்க" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கயிற்றைக் கொண்டுபோனவள் நானல்லவா?

"தப்பில்ல! அம்மா போட்ட முடிச்சு. நான் சரியாத்தான் கொண்டாந்தேன்!"

பக்கத்தில் நின்ற அம்மா நறுக்கென்று கிள்ளினாள். அழுகை வந்துவிட்டது.

அப்பா மேசையில் முழங்கையை ஊன்றிப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்பா ஒரு சக்கரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அழாத மோளே. அளவு சரியாத்தான் இருக்கு."

மாமா போனை எடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அப்பா என் கட்சிக்கு வந்துவிட்டார், மாமாவின் பொய் தோற்றுவிட்டது என்று அன்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.