எடைப்பலகையில் ஏறிய லாரி

பூதலூர் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும் ஒரு சாலையில்தான் கலைமகளின் கணவன் ராம்கி செத்துப்போனான். பார லாரிகள் அழுத்தி அழுத்தித் தார் இரண்டு பக்கமும் வாய்க்காலாகக் குழிந்து கிடந்தது. மழைத்தண்ணீர் நின்ற குழியில் பைக் சறுக்க, பின்னால் வந்த லாரிக்கு அடியில் போய்விட்டான்.

அடுத்த கோடையில் அந்தச் சாலையைப் புதிதாகப் போடக் கணக்கெடுப்பு வந்தது. லாரிகளை ஓரங்கட்டி, சக்கரத்துக்கு அடியில் எடைப்பலகை வைத்து, ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு பாரம் என்று குறிக்க ஆள் கேட்டார்கள். கலைமகள் சேர்ந்தாள். புருஷன் விழுந்த இடத்திலேயே போய் நிற்கிறாளே என்று ஊரில் பேசினார்கள். அவளுக்கு வேறு வேலை கிடைக்கவில்லை.

வந்ததெல்லாம் காலி லாரி, இல்லையென்றால் அரைப்பாரம். பொறியாளர் ஆஷ்லின் சலித்துப்போனாள்.

"இதை வச்சு டிசைன் பண்ணா ரோடு மெலிசாத்தாங்க வரும். அச்சு எடை ரெட்டிப்பானா ரோட்டுக்குச் சேதம் பதினாறு மடங்கு. முழுப்பாரம் ஏத்துன வண்டியெல்லாம் எங்கதான் போகுது?"

கலைமகளின் அண்ணன் துரைராசு எம்.சாண்ட் மணல் லாரி ஓட்டுபவன். அவனிடம் கேட்டாள்.

"வாய்க்கால் கரை வழியா சுத்திப் போறோம். ஓனர் உத்தரவு."

"உன் வண்டிய ஒரு தடவை பலகையில ஏத்துண்ணா. அபராதமெல்லாம் கிடையாது. எடை மட்டுந்தான்."

"வேலை போயிரும் கலை."

"எனக்கு அவரே போயிட்டாருண்ணா."

அவன் எழுந்து போனான்.

மறுநாள் மதியம் மணல் சிந்தச் சிந்த அவன் லாரி வந்து நின்றது. எடையைப் பார்த்த ஆஷ்லின் இன்னொரு முறை ஏற்றச் சொன்னாள். மாறவில்லை. மற்ற லாரிகள் சுற்றிப் போகும் வழியைக் கலைமகள் சொல்ல, சாயங்காலமே போலீஸ் துணையோடு வாய்க்கால் கரைக்கும் ஒரு பலகை போனது. சுற்றிப் போன லாரிகளெல்லாம் அங்கே மாட்டின.

அந்த எடைகளை வைத்துத்தான் சாலையைக் கனமாகப் போட்டார்கள். போன மழைக்கு அது குழியவில்லை.

துரைராசுவுக்கு வேலை போனது. சுற்றுவட்டாரத்தில் எந்த லாரி முதலாளியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. திருப்பூரில் ஒரு கிடங்குக்குக் காவலாளியாகப் போனான். பொங்கலுக்கு ஊர் வந்தவன் தங்கைக்குச் சீர் கொண்டுவரவில்லை. கலைமகள் தானே கரும்பு வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணி மங்களாம்பிகை வாசலை மறித்து நின்றாள்.

"அவரு தூங்குறாருங்க."

அந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாள் முதல் கலைமகளை வாடி போடி என்று உரிமையாய்ப் பேசியவள் அண்ணி. உள்ளே அண்ணன் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கலைமகள் திரும்பி நடந்தாள்.