கதவில்லா வீட்டுக்கு ஓர் உரை

வானொலி நிலையத்தில் அவரை எல்லோரும் பொழிப்புரை என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே பொழிப்புரை சார். முதுகு திரும்பியதும் வெறும் பொழிப்புரை. ஒலிப்பதிவு அறையில் வேலை பார்த்த அம்மாள் கேலியாக வைத்த பெயர் அது. அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். புதிதாக வருகிறவர்களிடம், "இங்க என்னைப் பொழிப்புரைன்னு கூப்பிடுவாங்க" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

குரலைக் குறை சொல்ல முடியாது. கனமான, வழவழப்பான குரல். அந்தக் குரலை நம்பித்தான் செய்தி வாசிக்க வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் எதை வாசித்தாலும் அதில் தன் குரலை மட்டுமே கேட்கிற மனிதர் அவர். வெள்ளத்தில் பாலம் இடிந்து விழுந்த செய்தியை, பரிசு விழுந்தவனுக்குச் சேதி சொல்வதுபோல வாசித்தார். கேட்டவர்கள் கொதித்துப் போனார்கள். நிலைய இயக்குநர் அவரைச் செய்திப் பிரிவிலிருந்து தூக்கி, யாரும் சீந்தாமல் கிடந்த நாட்டுப்பாடல் பக்கம் போட்டுவிட்டார்.

அங்கே ஒரு தகர அலமாரி நிறைய ஒலிநாடாக்கள் இருந்தன. எந்தக் காலத்திலோ யாரோ ஊர் ஊராக அலைந்து பதிவு செய்தவை. முதல் நாடாவைப் போட்டுக் கேட்டுவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார். "ஆடு, மாடு, மச்சான். இதுல என்ன இருக்கு?" என்றார். பாடியவர்களின் பேரைப் படிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. பாட்டில் ஒன்றும் இல்லை என்று முடிவானபின், அதில் இருக்க வேண்டியதை எல்லாம் தானே கொண்டுவந்து வைக்க வேண்டியதுதானே? ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சியில் பாட்டுக்கு மூன்று நிமிடம், அவருக்கு மீதி நேரம் என்று ஆயிற்று.

அவருடைய வழி மிகச் சுலபமானது. பாட்டில் எது வந்தாலும் அது அது இல்லை. ஆடு என்றால் ஆன்மா. கிணறு என்றால் காலம். குடம் உடைந்தால் உலகம் உடைந்தது. ஒருத்தி, கொசு கடித்துத் தூக்கம் வரவில்லை என்று பாடியிருந்தாள். கொசு என்பது நினைவு என்று ஆரம்பித்தவர், நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவு அம்மாள் கையை ஆட்டும்வரை விடவில்லை.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் பிறர் கண்ணுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று விசாரிக்கிற வேலை. வீட்டில் அவள் அதிகம் விசாரிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வானொலிப் பெட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்பே பதிவு செய்த தன் பேச்சுக்குத் தானே தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் துணி காயப்போட மாடிக்குப் போய்விடுவாள்.

"ஒரு நாளாவது உக்காந்து கேளேன்" என்பார்.

"வாரம் பூரா கேக்கறேனேங்க" என்பாள்.

அந்தப் பாட்டு வந்தது இப்படித்தான். அலமாரியின் அடித்தட்டில் கிடந்த நாடா. கரகரப்பான குரலில் ஒரு பெண், அவசரமே இல்லாமல் பாடியிருந்தாள்:

கதவில்லா வீட்டுக்குக்
காவலிருக்கா தங்கச்சி
பூட்டில்லா வாசலுக்குச்
சாவி தேடுறா தங்கச்சி
எழுந்து...

அந்த இடத்தில் பதிவின்போது பக்கத்தில் நின்ற எவனோ இருமியிருந்தான். அடுத்து ஒரு ஒற்றை எழுத்து இருமலில் புதைந்து, பிறகு 'தங்கச்சி' என்று முடிந்தது பாட்டு.

"சார், கடைசி வரி கேக்கல. இருமல் விழுந்திருக்கு. வேற பாட்டு எடுத்துக்கலாமா?" என்றாள் ஒலிப்பதிவு அம்மாள்.

"நல்லாச் சொன்னீங்க! அங்கதாம்மா பொருளே இருக்கு."

எழுந்து 'போ' என்று அவர் முடிவு செய்தார். அதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாயில் வந்த முதல் சொல் அதுதான். பிறகு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, கதவு என்பது கணவனின் அன்பு என்றார். சாவி என்பது நம்பிக்கை என்றார். அன்பில்லாத வீட்டில் நம்பிக்கையைத் தேடாதே, பெண்ணே, எழுந்து போ என்று குரலைத் தழைத்து முடித்தார். தன் வீட்டில் ஒரு வேளை மனைவி எழுந்து போனால் வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர் அவர். அதெல்லாம் பேசும்போது நினைவுக்கு வருமா?

அடுத்த சில நாளில் நிலையத்துக்கு ஒரு ஆள் வந்தான். ஆறடி உயரம், தலைமுடியில் மரத்தூள், சட்டைப் பையில் பென்சில். தச்சன் என்று பார்த்தாலே தெரிந்தது. வரவேற்பறையில் உட்கார மறுத்து நின்றுகொண்டிருந்தான்.

"பொழிப்புரைங்கிறது நீங்கதானே?"

ரசிகன் என்று நினைத்து அவர் பேனாவின் மூடியைத் திருகினார். "நான்தான். சொல்லுங்க."

"என் பொண்டாட்டி போயிட்டா சார்."

பேனாவை மூடிவிட்டுக் குரலைக் கனமாக்கிக்கொண்டார். "அடடா. மனசைத் தேத்திக்கங்க. மரணம்ங்கிறது ஒரு பயணம்..."

"சாகல சார்! அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. ரேடியோல எழுந்து போன்னு நீங்க சொன்னீங்களாமே. இவ எழுந்து போயிட்டா. அக்கம்பக்கத்துல எல்லாம் அதான் சொல்லிச் சிரிக்கிறாங்க."

முதலில் அவர் பின்னால் நகர்ந்தார்; ஆளின் கை ஒவ்வொன்றும் பலகை மாதிரி இருந்தது. ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே இன்னொன்று மெல்ல எட்டிப் பார்த்தது. சந்தோஷம். இத்தனை காலம் அவர் பேசியதைக் கேட்டு யாரும் ஒரு செருப்பைக்கூட இடம் மாற்றி வைத்ததில்லை. இப்போது ஒரு குடும்பமே உடைந்திருக்கிறது! வெட்கப்பட வேண்டிய இடத்தில் அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இப்ப நான் என்ன செய்யணும்ங்கிறீங்க?"

"மாத்திச் சொல்லுங்க. வீட்டுக்குத் திரும்பி வர்ற மாதிரி."

"பொருளை நினைச்சபடி மாத்த முடியாதுய்யா. அது பாட்டுக்குள்ள இருக்கு."

"பாட்டுக்குள்ள இருமல்தான் சார் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் பதிவு பண்ணி வச்சிருந்தான். நானும் கேட்டேன்." தச்சன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"ஆழமாப் பாத்தா வேற பொருளும் வர வாய்ப்பிருக்கு" என்றார் பொழிப்புரை.

வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்தது. "சென்ற வாரம் மேலோட்டமான பொருளைக் கண்டோம், நேயர்களே. இன்று ஆழ்பொருள்." கதவில்லாத வீடு என்பது திறந்த மனம். பூட்டில்லாத வாசல் என்பது ஐயமற்ற அன்பு. பிரிந்து போனவளை அந்த வீடே கூப்பிடுகிறது: எழுந்து வா. அதே தழைந்த குரல், அதே நடுக்கம், அதே இடத்தில் ஒரு சின்னப் பெருமூச்சு. கூச்சம் என்ற ஒன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதைப் பதிவு செய்துவிட்டு வெளியே வந்த அன்றே அவரை ஒலிப்பதிவு அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். "போன வாரம் போ. இந்த வாரம் வா. அடுத்த வாரம் என்ன சார், படுத்துத் தூங்குன்னா?"

"உங்களுக்கு மெஷின் தெரியும். இலக்கியம் தெரியாது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆனால் போனவள் வரவில்லை. தச்சன்தான் மறுபடி வந்தான். இம்முறை கெஞ்சினான். "நீங்களே நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார். யார் சொல்லியும் கேக்கல. நீங்க சொன்னாக் கேப்பா."

நீங்கள் சொன்னால் கேட்பாள்! அந்த ஒரு வார்த்தை போதாதா? சலவை மடிப்புக் கலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசனை தடவிக்கொண்டு, பொழிப்புரை கிளம்பிவிட்டார். அந்தப் பெண் கண் கலங்கப்போவதையும், தான் பெருந்தன்மையாகக் கையை உயர்த்திப் பேசப்போவதையும் பேருந்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்.

அவள் மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். தச்சன் வெளிக்கதவுக்கு அப்பால் நின்றுகொண்டான். உள்ளே ஒரே நீராவி. சுவரோரம் பெரிய இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. தள்ளுவண்டிகளில் வெள்ளை விரிப்புகள் மலையாகக் கிடந்தன. மெலிந்த, நடுவயதுப் பெண் ஒருத்தி ஒரு விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அவள் கண் கலங்கவில்லை.

"ஓ, ரேடியோ சாரா? எனக்கு ஜோடி சேந்து மடிக்கிறவ இன்னைக்கு வரல. அந்த முனையைப் பிடிங்க, பேசிக்கிட்டே மடிச்சிடலாம்" என்று ஈரம் காயாத விரிப்பின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

என்ன செய்வது? பிடித்தார். "என் உரையைக் கேட்டு நீங்க எடுத்த முடிவு..." என்று ஆரம்பித்தார்.

"அவரு சொல்லி அனுப்பினாரா? எதுக்காகப் போனேன்னு அவருக்கு இன்னமும் தெரியாது சார். பாத்ரூமுக்குக் கதவு இல்ல."

"எந்த பாத்ரூம்?"

"எங்க வீட்டு பாத்ரூம்தான். நான் வாழ வந்த நாள்லேர்ந்து ஒரு துணிதான் தொங்குது. ஊர் பூரா கதவு செஞ்சு மாட்டுறவரு. செய்றேன், செய்றேன்னுதான் சொல்வாரு. கொழுந்தனுங்க, அவங்க சிநேகிதங்க, வர்றவன் போறவன்னு எந்நேரமும் ஆம்பளைங்க நடமாடுற வீடு. நான் குளிக்கப் போனா என் பொண்ணு வெளிய நிக்கும். அது படிக்க வெளியூர் போயிடுச்சா, அப்புறம் நான் பாடிக்கிட்டே குளிக்க ஆரம்பிச்சேன். உள்ள ஆள் இருக்குன்னு தெரியணுமே. இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க சார்."

அவர் இழுத்துப் பிடித்தார்.

"அன்னைக்கு ரேடியோல அந்தம்மா பாடுச்சு, கதவில்லா வீட்டுக்குன்னு. எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. நம்ம வீட்டைப் பாத்துட்டுப் போய்ப் பாடியிருக்காங்கடான்னு. சிரிச்சு முடிச்சுப் பாத்தா மூஞ்செல்லாம் ஈரம். துணிமணியை எடுத்துப் பையில போட்டேன். அவ்வளவுதான்."

பொழிப்புரை மடிப்பதை நிறுத்தினார். "அப்ப, அதுக்கப்புறம் நான் சொன்ன விளக்கம்?"

"நீங்க பேச ஆரம்பிச்சதும் அணைச்சிட்டேன் சார். எப்பவும் அப்படித்தான். பாட்டு முடிஞ்சா அணைச்சிடுவேன்." அவளிடம் நையாண்டி எதுவும் இல்லை. மழை வந்ததும் சன்னலைச் சாத்தினேன் என்பதுபோலச் சொன்னாள். "ஏன், நீங்க என்ன சொன்னீங்க?"

எழுந்து போ என்றதும் அவர்தான், எழுந்து வா என்றதும் அவர்தான். இரண்டும் அவள் காதில் விழவே இல்லை. வேறு மனிதராயிருந்தால் விரிப்பை வைத்துவிட்டு, அம்மா, வருகிறேன் என்று கிளம்பியிருப்பார். இவர் கிளம்பவில்லை. அந்த நீராவியிலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கதவுங்கிறது நீங்க நினைக்கிற மாதிரி வெறும் கதவு இல்லம்மா. அது ஒரு குறியீடு. அதாவது..." என்றார்.

"சார், தரையில படுது பாருங்க. மறுபடி துவைக்க வேண்டியதாயிடும்" என்று அவள் விரிப்பை அவர் கையிலிருந்து வாங்கித் தானே மடித்துக்கொண்டாள்.

வெளியே தச்சன் ஆவலாக நின்றான். "என்ன சார் சொன்னா?"

"பாத்ரூமுக்குக் கதவு இல்லையாமே."

"அதுக்கா? அதுக்கா போனா?" தச்சன் வாய்விட்டுச் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் நம்பாமல் கேட்டான்: "வேற ஏதோ உள்ளர்த்தம் இருக்கும் சார். யோசிச்சுச் சொல்லுங்க."

கதவுக்குக் கதவு என்றே பொருள் சொல்லிக் கொடுத்தும் அந்தப் புத்திசாலிக்கு ஏறவில்லை. ஒருவழியாக ஏறியபின், போட்டான். சாதாரணக் கதவா? தேக்கில் கொடி, இலை, கிளி எல்லாம் செதுக்கி, பித்தளைத் தாழ்ப்பாளோடு போட்டான். வந்து பார்க்கும்படி ஆளனுப்பினான். அவள் வரவில்லை. "போட்டாச்சுன்னா பூட்டிக்கிட்டு அவரே நிம்மதியாக் குளிக்கட்டும்" என்று சொல்லியனுப்பிவிட்டாள். சலவைக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை வீடு பிடித்தாள். விடுமுறைக்கு மகள் அங்கேதான் வந்தாள்.

பொழிப்புரைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவள் வானொலியை அணைத்துவிட்ட சேதியை யாரிடமும் மூச்சுவிடவில்லை. கொஞ்ச நாள் வாடினார். பிறகு அந்தக் கதையையே தூக்கிக்கொண்டு கிளம்பினார். பெண்கள் கல்லூரியில் பேசக் கூப்பிட்டால், என் உரை ஒரு பெண்ணுக்கு விடுதலை தந்தது என்பார். ஓய்வு பெற்றோர் சங்கத்தில் கூப்பிட்டால், பிரிந்த தம்பதியை என் உரை சேர்த்து வைத்தது என்பார். இரண்டு இடத்திலும் கைதட்டினார்கள். நிலைய இயக்குநருக்கு யாரோ இரண்டாவதைச் சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஒலிப்பதிவு அம்மாள் மட்டும் கைதட்டவில்லை. கையில் தேநீர் இருந்தது என்று பிறகு சொன்னாள்.

கல்லூரியில் பேசிய அன்று அவர் பூங்கொத்தோடு வீட்டுக்கு வந்தார். மனைவி அதை வாங்கித் தண்ணீர் வாளியில் நிறுத்தினாள். அவர் கதையை முதலிலிருந்து சொன்னார். அன்று அதிசயமாக அவள் எழுந்து போகாமல் கேட்டாள். முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தம்மா நீங்க பேசினதைக் கேட்டாங்களா?"

"முழுசா" என்றார் அவர், கண் இமைக்காமல்.

"பாவம்" என்றாள் அவள்.