கடலுக்குள் சிமென்ட் கொட்டிய கதை

கடலுக்கடியில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: செய்ததை யாரும் வந்து சோதிக்க முடியாது. அதே காரணத்தால், செய்தேன் என்று சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

சுனாமிக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டருக்கு மேல் மாடியில் எங்கள் தொண்டு நிறுவனம். வாசலில் 'பவளப்பாறை மீட்புத் திட்டம்' என்று போர்டு. பவளப்பாறை என்றதும் எல்லோருக்கும் ராமேஸ்வரம் பக்கம்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு வாய்த்தது, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு குப்பத்துக்கு எதிரே கடலுக்குள் கிடந்த பாறைப் பரப்பு. மீனவர்கள் அதைப் 'பார்' என்பார்கள். பாசியும் மென்பவளமும் படர்ந்து மீன் அண்டியிருந்த அந்த இடத்தை விசைப்படகுகளின் இழுவலை வழித்துப் போட்டிருந்தது. தூண்டில்காரர்களின் பிழைப்பும் அதோடு போயிற்று.

குப்பத்து ஆட்களே ஓட்டை ஓட்டையாகச் சிமென்ட் கல் வார்த்து, சிதைந்த பாரின் மேல் இறக்க வேண்டும். கல்லில் பவளம் ஒட்டும், மீன் திரும்பும். இதுதான் திட்டம். நான் அதற்குக் கள ஒருங்கிணைப்பாளர். தொண்டு நிறுவனத்தில் குப்பை கொட்டிய சக பாவிகளுக்கு அந்தப் பதவியை விளக்க வேண்டியதில்லை: ஆபீஸிலும் வசவு, களத்திலும் வசவு.

மாடம்பாக்கத்தில் கேட்ட நியாயம்

நான் குடியிருந்தது மாடம்பாக்கத்தில். மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கும் ஏரிக்கும் வித்தியாசம் தெரியாது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்த செயலாளர், ரிடையரான கணக்கு வாத்தியார், என் உத்தியோகத்தை விசாரித்தார். பவளம், கடல்வளம், வாழ்வாதாரம் என்று ஆபீஸ் பாஷையில் பொழிந்து தள்ளினேன். அவர் காதில் விழுந்தது சிமென்ட் மட்டும்தான்.

"நீங்க கொட்டற சிமென்ட்ல ரெண்டு மூட்டையை நம்ம தெருவுல கொட்டினா, மீன் என்ன சார், கோவிச்சுக்கவா போகுது?"

ராசியான வீடு

கல் வார்ப்பது மகளிர் குழுவின் பொறுப்பு. தலைவி கன்னியம்மா அக்கா. காலையில் மீன் விற்பார், மத்தியானம் கலவை குழைப்பார், இடைப்பட்ட நேரத்தில் என்னை வைவார். வார்த்த கற்களைக் கரையில் காய வைத்திருந்தோம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. தேடிப் போனால், ஒன்று தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றின் மேல் டீக்கடை ஸ்டவ். மூன்றாவது கன்னியம்மா வீட்டு வாசலிலேயே இருந்தது, உள்ளே ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது.

வெளிநாட்டு நிபுணர் மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்து வரைந்த டிசைன் அது. "இது மீனுக்குக் கட்டினது!" என்று கத்தினேன். கோழிகூட அசையவில்லை.

"இன்னாத்துக்கு சார் கத்துற? மீனு வர்றதுக்கு முன்னாடியே கோயி குடி வந்து முட்டை வுட்டுக்கீது, ராசியான வூடுன்னு சந்தோசப்படுவியா!"

கண்ணாடிக் கட்டிடத்தின் உபயோகம்

படகுக் குழுவின் தலைவர் தேசப்பன் அண்ணன். வாயைத் திறந்தால் சண்டை, மூடினால் பீடி. திட்டத்தில் சேரும்போதே அவர் போட்ட ஒரே நிபந்தனை, பார் இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது என்பது. கடலில் தெருப் பெயர்ப் பலகை கிடையாது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்க்கோட்டில் பிடித்துத்தான் பாரைக் கண்டுபிடிப்பார்கள். அந்த அடையாளத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்ல மாட்டார்கள். தெரிந்துவிட்டால் அடுத்த வாரமே ஊர்ப்பட்ட படகும் அங்கே நிற்கும், குப்பத்துக்கு மிஞ்சுவது வெறும் தூண்டில்தான்.

ஒரு சனிக்கிழமை நாவலூரிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் கல் இறக்கித் தொண்டு செய்ய வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட், ஒரே மாதிரி தொப்பி. படகு அலையைத் தாண்டியதும் ஒரே மாதிரி வாந்தியும் எடுத்தார்கள். அதில் ஒருவன் மட்டும் சுதாரித்து எழுந்து, கரையில் பளபளத்த கட்டிடத்தைக் காட்டி, "அதுதான் அண்ணா எங்க ஆபீஸ்!" என்றான். தேசப்பன் முதல்முறையாக அவனை மரியாதையோடு பார்த்தார். அவருடைய இரண்டு அடையாளங்களில் ஒன்று அந்தக் கட்டிடம்தான்; மற்றதை எனக்குக்கூட அவர் சொன்னதில்லை.

"உன் ஆபீசு இல்லாங்காட்டி எனுக்குப் பாரே தெரியாது தம்பி. அது அங்கியே நிக்கட்டும், நீயும் அதுக்குள்ளியே குந்திக்க, அதான் நீ எங்களுக்கு செய்ற பெரிய ஒதவி."

ஒளிக்க என்ன இருக்கிறது?

மீன் வந்தது. சத்தியமாக வந்தது. கல்லின் மேல் பூப்பூவாகப் பவளம் ஒட்டியிருப்பதாக முக்குளித்தவர்கள் சொன்னார்கள். தூண்டிலோடு போனவர்கள் சங்கரா மீனும் கலவா மீனுமாகத் திரும்பினார்கள். கன்னியம்மா என்னை வைவதையே இரண்டு நாள் மறந்துவிட்டார். எனக்கும் என் உத்தியோகத்தின் மேல் லேசாக மரியாதை வந்தது. அது பொறுக்காமல்தான் எங்கள் இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது.

புது வருஷக் காலண்டர். வழவழ தாளில் நீலக் கடல், நடுவில் பார் இருக்கும் இடத்தில் சிவப்பு நட்சத்திரம், பக்கத்தில் கல் இறக்கியபோது ஆபீஸ் ரிப்போர்ட்டுக்காகக் கருவியில் குறித்த அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் புள்ளி சுத்தமாக. நிதி கொடுத்தவர்கள் பார்க்க வேண்டுமாம். குப்பத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம், இடத்தைப் போடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைக் கிணற்றுத் தவளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"டிரான்ஸ்பரன்ஸி வேணும்பா. ஒளிச்சு வைக்கறதுக்கு நாம என்ன கஞ்சாவா வளர்க்கறோம்?"

நல்ல செய்தி

காலண்டர் கரையோரம் பூராவும் போய்ச் சேர்ந்தது. டீக்கடை, ஐஸ் கம்பெனி, வலைக்கடை, கடைசியில் விசைப்படகுக்காரர்களின் ஷெட்டு வரை. ஓசிக் காலண்டரை யார் வேண்டாம் என்பார்கள்? பொங்கல் முடிந்ததும் பெரிய படகுகள் நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டன. கல்லில் வலை மாட்டிய ஆத்திரத்தில் இன்ஜினை முடுக்கி இழுத்தார்கள். கல் உருண்டது, ஒட்டியிருந்த பவளம் தூளாயிற்று, மீன் கலைந்தது.

கோயில் எதிரே குப்பம் கூடி என்னை நடுவில் நிறுத்தியது. கன்னியம்மா அந்தக் காலண்டரை என் முன்னால் விரித்துப் போட்டு, "படிச்சவன்தானே சார் நீ?" என்று மட்டும் கேட்டார். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். அப்படியே ஆபீஸுக்கு வந்து, எல்லாம் போச்சு சார் என்றேன். இயக்குநர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"போட்டோ எடுத்தியா? ரெண்டாம் கட்ட நிதிக்கு இதைவிட நல்ல கேஸ் கிடைக்காதுப்பா!"

புது நிபந்தனை

அவர் சொன்னபடியே நிதி வந்தது. நாமே காட்டிக் கொடுத்து அழித்ததை நாமே மீட்க, நமக்கே நிதி. எந்த முகத்தோடு குப்பத்துக்குப் போவது? போனேன். வலை பிரித்துக்கொண்டிருந்த தேசப்பன் நிமிரவே இல்லை. பழைய இடத்தை விட்டுவிடலாம், வேறு பாரில் இறக்கலாம், நீங்களே இடத்தைச் சொல்லுங்கள் அண்ணா என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

"கல்லு குடு, டீசல் குடு. எறக்கற அன்னிக்கு நீ வூட்லயே படுத்துக்க. எங்க போட்டேன்னு கேட்டியானா, உன்னியும் சேத்து அங்கியே எறக்கிடுவேன்."

அந்தப் பார் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் கன்னியம்மா கூடையில் சங்கரா திரும்ப வந்தது; என் உத்தியோகத்திலேயே உருப்பட்ட ஒரே வேலை, என்னைச் சேர்க்காமல் நடந்ததுதான்.