அரசாங்கம் விடாத மகள்

குணரத்தினத்தாரின் மகளை ஆஸ்திரேலியா வெளியே விடவில்லை என்ற செய்தியை, ஓர்ஸ் ஹில் முதியோர் இல்லத்தில் இருந்த எல்லோருக்கும் மனப்பாடமாக்கியவள் சிவாஜினிதான்.

கட்டைபறிச்சான் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்தவள் அவள். கொரோனா முடக்கத்தில் வேலைக்காரர் போய்வரக் கூடாது என்று நிர்வாகம் சொன்னபோது, பிள்ளைகளைத் தாயிடம் விட்டுவிட்டு இல்லத்திலேயே பாயை விரித்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, நகம் வெட்டுவது, சண்டை விலக்குவது எல்லாம் அவள் பாடு. வெளியார் எவரையும் உள்ளே எடுப்பதில்லை என்பதால், அங்கிருந்தவர்களின் பிள்ளைகள் வந்து கதைக்க வேண்டியதையும் அவளே கதைத்தாள்.

குணரத்தினத்தார் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் தர்சிகா மெல்பேர்னில். கொரோனா காலத்தில், விசேட அனுமதி இல்லாமல் அந்த நாட்டுப் பிரஜைகள் வெளிநாடு போக ஏலாது என்று சட்டம். அவள் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பின்னேரங்களில் கைபேசியில் முகம் பார்ப்பதோடு சரி.

சில நாள் கிழவர் சோற்றைத் தள்ளிவிடுவார். பக்கத்துக் கதிரையில் இருக்கும் இராசமலர் வேறு சீண்டுவார்.

"என்ன அண்ணை, மகள் வாறன் வாறன் எண்டு ரெண்டு தீவாளியும் போட்டுது?"

"அவவே மாட்டன் எண்டவ? அரசாங்கம் விடுறேல்லை," என்று சிவாஜினி முந்திக்கொள்வாள். "சட்டம், அப்பா. சட்டத்தை மீறி வரலாமோ? சாப்பிடுங்கோ."

சட்டம் என்றால் படகுக்காரருக்கு விளங்கும். சாப்பிடுவார்.

கடைசியில் அந்தத் தடை நீங்கி, மார்கழி மழையோடு தர்சிகா வந்து சேர்ந்தாள். முற்றத்துப் பந்தலுக்குள் வைத்துப் பார்க்கலாம், ஆனால் பிளாஸ்டிக் அங்கி, முகக்கவசம், அதற்கு மேல் முகத்தை மூடும் கண்ணாடித் தடுப்பு கட்டாயம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது. திடீரென்று போய் நிற்போம் என்று தர்சிகாவும் சிவாஜினியுமாகத் தீர்மானித்து, கிழவருக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். அங்கேதான் பிழை நேர்ந்தது.

அங்கி போட்ட உருவத்தைக் கண்டதும் குணரத்தினத்தார் சட்டைக் கையை மடித்துத் தோளை நீட்டினார்.

"இதில ஊசியைப் போடுங்கோ தங்கச்சி. போன முறை மற்றக் கை வீங்கிப் போச்சு."

"அப்பா, நான் தர்சிகா."

இல்லத்தில் எல்லோருமே அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கவசத்துக்குள் குரலும் அடைத்துக் கிடந்தது.

"பகிடி விடாதேங்கோ. என்ர மகள் மெல்பேர்னில. அவவை அரசாங்கம் விடாது. சிவாஜினியைக் கேளுங்கோ."

சிவாஜினி முன்னால் வந்து நின்றாள். "இல்லை அப்பா, இப்ப விட்டிட்டாங்கள்."

"நீதானே பிள்ளை ஏலாதெண்டு சொன்னனீ?"

தர்சிகாவின் கண்ணாடித் தடுப்பின் உள்ளே ஆவி படர்ந்தது. "சிவாஜினி, அப்பா என்னை மறந்திட்டாரோ?"

"உங்களை மறக்கேல்லை அக்கா. நான் சொன்னதைத்தான் மறக்கிறார் இல்லை."

உள்ளே கவசத்தைக் கழற்ற அனுமதி இல்லை. சிவாஜினி அவளைக் கேற்றுக்கு வெளியே, ஆளில்லாத றோட்டுக்குக் கூட்டிப் போனாள். "இதில நிண்டு எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, வழமைபோல கோல் எடுங்கோ."

கிழவரின் மடியில் கைபேசி அடித்தது. திரையில் மகளின் முகம்.

"ஓம் பிள்ளை. எங்க நிக்கிறாய், தலையெல்லாம் நனைஞ்சு கிடக்கு?"

"உங்கட கேற்றில, அப்பா. நிமிர்ந்து பாருங்கோ."

நிமிர்ந்தார். கம்பிகளுக்கு அப்பால் ஒரு பெண் கையை வீசிக்கொண்டு நின்றாள். திரையைப் பார்த்தார். கேற்றைப் பார்த்தார். திரும்பவும் திரை.

"மெலிஞ்சு போனாய்," என்றார் கைபேசியிடம். பிறகு இராசமலர் பக்கம் திரும்பி, இல்லம் முழுக்கக் கேட்க, "விட்டிட்டாங்கள்!" என்றார்.

தர்சிகா அங்கியை மாட்டிக்கொண்டு வந்து, சொல்லப்பட்ட தூரத்தில் கதிரையைப் போட்டு இருந்தாள். கிழவர் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இராசமலர் இடையிடையே புகுந்து மெல்பேர்னில் மீன் என்ன விலை என்று விசாரித்தார். சந்திப்பு நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. அதைப் போய்ச் சொல்ல வேண்டிய சிவாஜினி, குசினிக்குள் நின்று தேத்தண்ணிக்கு அவசரமே இல்லாமல், ஆறுதலாகச் சீனி கலக்கிக்கொண்டிருந்தாள்.